கொழும்பில் போதைக்கும் மனநோய்க்கும் வெளிநோயாளர் சிகிச்சை: எங்கே போவது, எதற்குப் பணம் கொடுப்பது

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகனோ கணவரோ குடியிலோ ஐஸ் என்ற போதைப்பொருளிலோ அகப்பட்டுவிட்டார் என்பது தெரியவந்ததும், பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி எவ்வளவு செலவாகும் என்பதுதான். தாலிக்கொடியை அடகு வைப்பதா, கனடாவில் இருக்கும் அக்காவிடம் கேட்பதா என்று பேசி முடித்த பிறகே எந்த வைத்தியசாலை, எந்த வைத்தியர் என்ற பேச்சு வருகிறது. இந்த வரிசை தலைகீழானது. மனநல வைத்தியரின் கவனிப்பும் அடிப்படை மருந்துகளும் இந்த நகரத்தின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்காகக் கடன்பட வேண்டிய அவசியம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. கிடைப்பதற்கு அரிதானது, நோயாளியோடு அவருடைய மொழியில் வாராவாரம் உட்கார்ந்து பேசக்கூடிய, பயிற்சி பெற்ற ஒருவரின் நேரம். செலவிடப் பணம் கொஞ்சமாவது இருந்தால் அது போக வேண்டிய இடம் அதுவே என்பது என் கணிப்பு. கீழே உள்ள ஒப்பீட்டை அந்தக் கணிப்போடுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. நோயாளி வீட்டிலிருந்து போய்வந்து சிகிச்சை பெறலாமா, அல்லது சில நாட்களாவது வைத்தியசாலை விடுதியில் தங்கத்தான் வேண்டுமா? இதைக் குடும்பம் தீர்மானிக்கக் கூடாது. வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குறிப்பாக, பல ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் சாராயமோ கசிப்போ குடித்து வந்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டி வைப்பது உயிராபத்தானது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும், இல்லாததைக் காண்பதும், காய்ச்சலும் கடும் நடுக்கமுமாக டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை தோன்றலாம். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரல் நோயோ வேறு பெரிய நோயோ உள்ளவர், வீட்டில் கூட இருக்க ஆளில்லாதவர் ஆகியோர் வெளிநோயாளராக நிறுத்த முயலக் கூடாது. தூக்கக் குளிசைகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஹெரோயினை நிறுத்தும்போது வரும் உடல்வலியும் வயிற்றோட்டமும் தாங்கமுடியாததாகத் தோன்றினாலும், ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு அது அரிதாகவே உயிரைப் பறிக்கும். ஐஸ் பாவித்தவர் நாட்கணக்கில் தூங்காமல், யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்று கத்தியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாலோ, எவராயினும் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினாலோ, ஒப்பீடு செய்துகொண்டிருக்க நேரமில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இரவு பகலாக இயங்குகிறது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பதால், பொலிஸுக்குப் பயந்து விடயத்தை வைத்தியரிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை.

இந்த நிலைகள் எதுவும் இல்லையென்றால், வெளிநோயாளர் சிகிச்சையே பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமான தொடக்கம். வேலை போகாது, வீட்டு வருமானம் நிற்காது. அதைவிட முக்கியமாக, குடிக்கத் தூண்டும் அதே தெருவிலும் அதே நண்பர்களுக்கு நடுவிலும் குடிக்காமல் இருக்கப் பழகுவதற்கு அங்கேயே உதவி கிடைக்கிறது. மூன்று மாதம் எங்கோ தங்கித் திரும்பியவர் அந்தப் பழக்கத்தை வீடு வந்த பிறகுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் தெரிவு அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகள். நகரத்துக்குள் கொழும்பு தேசிய வைத்தியசாலை, தெற்கே களுபோவில, வடக்கே ராகம, கிழக்கே அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் ஆகியன கொழும்புத் தமிழர்கள் வாழும் பகுதிகளுக்கு எட்டிய தூரத்தில் உள்ளவை. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் இருப்பவர்களுக்குக் களுபோவில அருகில். வத்தளையில் இருப்பவர்களுக்கு ராகம வசதி. கொட்டாஞ்சேனை, மருதானைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலையே பக்கம். இங்கே வைத்தியரைப் பார்ப்பதற்கும் கிளினிக்கில் கொடுக்கும் மருந்துக்கும் பணமில்லை. கட்டணம் இல்லாதது மட்டும் இதன் சிறப்பன்று. குடிநோயும் மன அழுத்தமும், ஐஸும் மனப்பிறழ்வும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். ஒரு நோயைப் பார்த்து மற்றதை விட்டால் இரண்டும் திரும்பி வரும். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி, ஒரே வைத்தியக் குழு பார்ப்பது அரச மனநலப் பிரிவில்தான் இயல்பாக நடக்கிறது. குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில், குடியால் வந்த மனச்சோர்வு பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். தணியாமல் நின்றால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து வேண்டும். அந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்ல, ஒருவரை வாரக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் இடம் தேவை. மனநிலைத் தளம்பலுக்குக் கொடுக்கும் லித்தியம் போன்ற மருந்தில் இருப்பவருக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். வெளியே ஒவ்வொரு முறையும் அதற்குப் பணம் கட்டுவது ஆண்டுக் கணக்கில் பெரிய தொகையாகிவிடும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பதில் பயனில்லை. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் கூலி. முதல் சந்திப்பில் வைத்தியர் விரிவாகக் கேட்டாலும், பிறகு வரும் சந்திப்புகள் கூட்டத்தின் காரணமாகக் குறுகிவிடுகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச மருந்தகங்களில் தட்டுப்பாடு ஏற்பட்டு நோயாளர்கள் வெளியே வாங்க நேர்ந்ததை எல்லோரும் அறிவோம். இன்றும் ஒரு மருந்து இல்லையென்று துண்டு எழுதித் தந்தால், முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்பது நல்லது. அங்கொடை என்ற பெயருக்கு நம் வீடுகளில் இருக்கும் அச்சமும் ஒரு தடை. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டி வளர்த்த சமூகம் நாம். ஆனால் அங்கே கிளினிக்குக்குப் போகும் பெரும்பாலானோர் அன்று பகலே வீடு திரும்புகிறவர்கள் என்பதை, அந்த வாசலைக் கடக்கத் தயங்கி ஒரு வருடத்தை இழந்த குடும்பங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை மொழி. காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் அரைகுறைச் சிங்களம் போதும். ஆனால் ஏன் குடிக்கத் தோன்றுகிறது, இரவில் எந்த நினைவு தூக்கத்தைக் கெடுக்கிறது, மனைவியை அடித்த அடுத்த நாள் காலை நெஞ்சில் என்ன இருந்தது என்பதையெல்லாம் இரண்டாம் மொழியில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞருக்கும், போரில் உறவுகளை இழந்து வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்கும், சொல்ல வேண்டிய கதை மொழிபெயர்ப்பாளரின் வாயில் பாதியாகிவிடுகிறது. அதிலும் மொழிபெயர்ப்பவர் மனைவியாகவோ பதினைந்து வயது மகளாகவோ இருந்தால், நோயாளி உண்மையைச் சொல்லவே மாட்டார். எனவே கிளினிக்கில் பதியும் அன்றே, தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ உளவளத்துணையாளரோ எந்த நாளில் இருக்கிறார் என்று கேட்டு, அந்த நாளையே தவணையாகக் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இரண்டாவது தெரிவு, போதை சிகிச்சைக்கென்றே இயங்கும் இலவச அமைப்புகள். 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை தருகிறது. தலங்கமவில் அதன் சிகிச்சை நிலையம் உள்ளது. கறுவாத்தோட்டத்தில் ஹோர்டன் பிளேஸில் இயங்கும் மெல் மெதுர, சுமித்ரயோ அமைப்பைச் சேர்ந்தது. தங்கவைக்காமல், போய்வரும் முறையிலேயே, போதைக்கு அடிமைப்பட்டவருக்கும் குடும்பத்துக்கும் கட்டணமின்றி உதவுகிறது. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ, மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டர்களைக் கொண்டது. அது சிகிச்சை ஆகாது என்றாலும், முதல் முறை வாய் திறக்க வேண்டிய ஒருவருக்கு நல்ல இடம். குடித்தவர்களே ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் கூட்டங்களும் கொழும்பில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, கால எல்லையும் இல்லை.

இவற்றின் பலம் நேரம். கிளினிக்கில் கிடைக்காத அரை மணித்தியாலமும் ஒரு மணித்தியாலமும் இங்கே கிடைக்கக்கூடும். ஐஸ் பாவனையைப் பொறுத்தவரை இது முக்கியம். ஹெரோயினுக்கும் மதுவுக்கும் உதவும் மருந்துகள் இருப்பதுபோல ஐஸுக்கென்று உறுதியாக நிறுவப்பட்ட மருந்து இல்லை, பயன் தருவதாகத் தெரிந்திருப்பவை பேச்சும் பழக்கமாற்றமும் சார்ந்த முறைகளே. இவற்றின் பலவீனம் மருத்துவம். காதில் குரல் கேட்பவருக்கோ கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கோ உளவளத்துணை மட்டும் போதாது. ஆகவே இவற்றை அரச கிளினிக்குக்கு மாற்றாக எண்ணாமல், அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பேசுபவர் இருக்கிறாரா என்பதை இங்கேயும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பிரதேச செயலகங்களிலும் அரச உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரு செயலகங்களிலும் தமிழர் பெருமளவில் வாழ்வதால் அங்கே விசாரிப்பது வீண்போகாது. நம்மவர்கள் அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் ஏறி இறங்கும் அந்தக் கட்டடத்தில் இப்படியொரு சேவை இருப்பதைப் பலர் அறிவதில்லை.

மூன்றாவது, தனியார் வைத்தியசாலையில் மனநல வைத்தியரைச் சனல் செய்து, அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து, பார்ப்பது. மாலையில் போகலாம், வேலைநாள் கெடாது, தெரிந்தவர் கண்ணில் படும் வாய்ப்புக் குறைவு, தமிழ் பேசும் வைத்தியரைப் பெயர் பார்த்துத் தெரிவு செய்யலாம். இந்தக் கடைசி வசதிக்காகவே முதல் ஒரு சந்திப்புக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன்: நோயை விளக்கமாகச் சொல்லி, என்ன நோய், என்ன மருந்து என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் குறிப்போடு அரச கிளினிக்கில் பதிந்துகொள்ளலாம். பல தனியார் மனநல வைத்தியர்கள் பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள்தான். அவருடைய கிளினிக் எந்த நாளில் என்று கேட்டால் சொல்வார்.

ஆனால் தனியாரிலேயே தொடர்வதென்றால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். வைத்தியர் கட்டணம், அதன்மேல் வைத்தியசாலைக் கட்டணம், பதிவுக் கட்டணம், மருந்து, பரிசோதனை, முச்சக்கரவண்டி எல்லாவற்றையும் கூட்டி, ஒரு சந்திப்பின் முழுத் தொகையைக் குறைந்தது பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். இந்த நோய்களுக்கு ஒரு வருடம் என்பது நீண்ட காலமன்று. அந்தத் தொகையை உங்கள் குடும்பத்தால் தாங்க முடியாதென்றால், நான்காவது மாதத்தில் மருந்து நிற்கும், ஐந்தாவது மாதத்தில் நோய் திரும்பும், அதுவரை கொடுத்த பணமும் வீணாகும். முதல் மூன்று மாதம் சிறந்த தனியார் கவனிப்பு, பிறகு ஒன்றுமில்லை என்பதைவிட, வருடம் முழுவதும் தவறாமல் போகும் இலவச கிளினிக் பல மடங்கு மேலானது. இரண்டுக்கும் இடையில், அரசுக்குச் சொந்தமாக இருந்தும் கட்டணம் அறவிடும் ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலையும் உண்டு. தனியாரைத் தாங்க முடியாமலும் வரிசையில் நிற்க முடியாமலும் இருப்பவர்கள் அங்கே கட்டணத்தை விசாரிக்கலாம்.

தனியார் உளவளத்துணையாளரைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் வேண்டும். வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா என்று பார்க்கலாம். ஆலோசகர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். எங்கே படித்தார், போதை நோயாளருடன் முன்பு வேலை செய்திருக்கிறாரா, நிலைமை மோசமானால் எந்த மனநல வைத்தியருக்கு அனுப்புவார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

குடும்பங்கள் மிக அதிகமாகப் பணத்தை இழப்பது, தெரிந்தவர் சொன்னார் என்று யாரும் கேள்விப்படாத ஒரு போதை மறுவாழ்வு விடுதிக்கு மொத்தத் தொகை கட்டும்போதுதான். இரவில் வேனில் வந்து ஆளைப் பிடித்துப் போவதும், அடிப்பதும், வீட்டாரைப் பார்க்க விடாமல் வைப்பதும் சிகிச்சை ஆகாது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி அத்தகைய நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், 1927க்கு அழைத்து அந்தப் பெயரை விசாரியுங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

இனி, பணம் எங்கிருந்து வரும் என்பது. வேலைத்தளக் காப்புறுதி இருப்பவர்கள் அதை நம்பித் தனியாருக்குப் போவதுண்டு. காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். மது, போதைப்பொருள் சார்ந்த சிகிச்சையும் மனநோய்ச் சிகிச்சையும் அங்கே விலக்கப்பட்டிருப்பது வழக்கம். வெளிநோயாளர் செலவுக்குத் தனியான ஆண்டு எல்லை இருந்தால் அதற்குள் மனநல வைத்தியரின் கட்டணம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் மனிதவளப் பிரிவின் கையால் போகிறதா, நேரே காப்புறுதி நிறுவனத்துக்குப் போகிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் நோயின் பெயர் அந்தத் தாளில் இருக்கும். விலக்கில் இல்லாத ஒன்றை மறுத்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடும் வழி உண்டு. அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதியில் முக்கிய நன்மைகள் விடுதியில் தங்கும் சிகிச்சையைச் சார்ந்தவை என்பதால், கிளினிக் செலவுக்கு அதை எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதியிலிருந்து, பத்து வருடங்களுக்கு மேல் பங்களித்தவர் 30 சதவீதம் வரை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முன்கூட்டியே எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. குடிநோய்க்காக அதைத் தொடுவதை நான் விரும்பவில்லை. நிறுத்தி சில வாரங்களே ஆன ஒருவரின் பெயரில் பெருந்தொகை வந்து சேர்வது ஆபத்தும்கூட. நகை அடகு கடைசி வழியாகவே இருக்கட்டும். வட்டி மாதாமாதம் ஏறும், சிகிச்சையும் மாதாமாதம் தொடரும், இரண்டையும் ஒருசேரத் தாங்கும் வருமானம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? வெளிநாட்டு உறவினர் உதவ முன்வந்தால், மொத்தமாக அனுப்பச் சொல்லாமல், மாதம் ஒரு சிறு தொகையாகப் பன்னிரண்டு மாதம் அனுப்பக் கேளுங்கள். அது நோயாளியின் கைக்குப் போகாமல் வீட்டுப் பொறுப்பாளரின் கணக்குக்கு வரட்டும். அந்தத் தொகை தமிழில் பேசும் உளவளத்துணையாளருக்கும் கிளினிக் நாளின் போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் போனால், அது போக வேண்டிய இடத்துக்கே போகிறது. கடை, அலுவலக ஊழியருக்குச் சட்டப்படி உள்ள 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமய விடுமுறையையும் கிளினிக் தவணைகளுக்கு முன்பே பிரித்து வைத்தால் சம்பள வெட்டு குறையும்.

செலவைப் பற்றிப் பேசும்போது ஒரு மருந்தைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்யும் டைசல்ஃபிராம் குளிசையை, மலிவான வழி என்று எண்ணி, கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தெரியாமல் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அது, நோயாளி தெரிந்து சம்மதித்து, வைத்தியர் பரிசோதித்த பிறகு மட்டும் எடுக்க வேண்டிய மருந்து.

கொட்டாஞ்சேனையில் ஒரு நகைப்பட்டறைத் தொழிலாளி, ஒவ்வொரு மாலையும் குடிக்கிறவர், வலிப்பு வந்ததில்லை, மனைவி கூட இருக்கிறார் என்றால், தேசிய வைத்தியசாலைக் கிளினிக்கில் தொடங்கி, மெல் மெதுரவில் பேச ஏற்பாடு செய்வேன்; பணம் ஏறக்குறைய வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் மகன் ஐஸ் பாவித்துச் சந்தேகமும் பயமுமாக இருக்கிறான் என்றால், அந்த வாரமே தமிழ் பேசும் மனநல வைத்தியரைச் சனல் செய்து பார்த்து, அவர் சொன்னால் வைத்தியசாலை விடுதியிலும் இல்லையென்றால் களுபோவிலக் கிளினிக்கிலும் சேர்த்து, மிச்சப் பணத்தை வாராந்த உளவளத்துணைக்கு வைப்பேன். வங்கியில் வேலை செய்யும் பெண், மனச்சோர்வுக்குத் தூக்கக் குளிசையில் தங்கிப்போனவர், வேலைத்தளத்தில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர் என்றால், தனியாரிலேயே தொடரலாம். அவருக்கு மாலை நேரமும் இரகசியமும் மருந்தைப் போலவே தேவை, அதைத் தாங்கும் வருமானமும் இருக்கிறது.

எந்த வாசலில் நுழைந்தாலும் முதல் நாள் கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள், இப்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளும் உறையோடு, கடைசியாக எப்போது என்ன எவ்வளவு பாவித்தார் என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாள். திரும்பும்போது மூன்று விடயங்களைக் கேட்டு அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: அடுத்த தவணை எந்த நாள், அதற்குள் நிலைமை மோசமானால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, தமிழில் பேச யார் இருக்கிறார்.